கடை அலாரம் கைபேசியில் ஒலிக்கட்டும்



இரவு பத்து மணிக்குக் கணக்கை முடித்து, ஷட்டரை இறக்கி, இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்து திறக்கும் வரை எட்டு மணி நேரம் நம் முதல் முழுவதும் அந்த இரண்டு பூட்டுகளை நம்பித்தான் இருக்கிறது. முன்பெல்லாம் கடைக்குப் பின்புறமோ, மாடியிலோ வீடு இருந்தது. இன்று கடை அம்பத்தூரில் இருந்தால் வீடு திருநின்றவூரில். கடை பூந்தமல்லியில் இருந்தால் குடோன் திருமழிசையில். சத்தம் கேட்டு எழுந்து வர நாம் அருகில் இல்லை. ஆகவே சத்தம்தான் நம்மைத் தேடி வர வேண்டும். கடையில் உள்ள திருட்டு அலாரம் நம் கைபேசியில் ஒலிக்கும்படி செய்வது எப்படி, அதில் எங்கே தவறு நேர்கிறது, ஒலித்தால் என்ன செய்வது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. வீட்டில் பொருத்தும் அலாரத்துக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

இதை நான் எழுதக் காரணம், அலாரம் வைத்திருந்தும் சரக்கைப் பறிகொடுத்தவன் என்பதுதான். சரக்கோடு இன்னொன்றையும் இழந்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அலாரமும் தொலைபேசியும் பழைய கூட்டாளிகள்

அலாரத்தையும் தொலைபேசியையும் இணைப்பது ஏதோ புதிதாக வந்த ஏற்பாடு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே வசித்த அகஸ்டஸ் போப் என்பவர் 1853-ல் மின்சாரத் திருட்டு மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவிலும் சன்னலிலும் கம்பி இணைத்து, திறந்தால் மணி அடிக்கும் ஏற்பாடு அது. 1857-ல் அந்த உரிமையை எட்வின் ஹோம்ஸ் என்ற வியாபாரி விலைக்கு வாங்கினார். கடைகளிலிருந்து தம் அலுவலகத்துக்குக் கம்பி இழுத்து, எந்தக் கடையில் கதவு திறந்தாலும் தமக்குத் தெரியும்படி செய்தார். 1877-ல் கிரகாம் பெல்லின் தொலைபேசி புதிதாக வந்தபோது, பாஸ்டனில் அதைப் பல இடங்களுக்கு இணைத்துப் பார்க்க ஹோம்ஸ் குடும்பத்தாரின் இந்த அலாரக் கம்பிகளே பயன்பட்டன. அலாரத்துக்காகப் போட்ட கம்பியில்தான் தொலைபேசி முதல் நடை நடந்தது எனலாம்.

சென்னைக்குத் தொலைபேசி நிலையம் 1882-ல் வந்தது. ஆனால் அலாரத்தைத் தொலைபேசியோடு இணைக்கும் பழக்கம் நம் கடைகளுக்கு வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதலில் வந்தவை தரைவழித் தொலைபேசியில் இணைக்கும் ஆட்டோ டயலர் கருவிகள். அவற்றின் குறை எல்லோரும் அறிந்ததே. வெளிச்சுவரில் தொங்கும் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டால் கருவி ஊமையாகிவிடும். பிறகு சிம் கார்டு போடும் கருவிகள் வந்தன. இப்போது வைஃபை மூலம் கைபேசி ஆப்புக்குச் செய்தி அனுப்பும் கருவிகளும் வந்துவிட்டன.

கருவி எப்படி வேலை செய்கிறது?

எந்த நிறுவனத்தின் அலாரமானாலும் அதில் மூன்று பகுதிகள் உண்டு. பார்ப்பது சென்சார். முடிவு செய்வது பேனல் என்னும் பெட்டி. சொல்வது சைரனும் தொலைபேசியும். இந்த மூன்றில் ஒன்று பழுதானாலும் மற்ற இரண்டும் வீண்.

நம் கடைகளில் பொருத்தப்படும் சென்சார்கள் பெரும்பாலும் மூன்று வகை.

ஒன்று, காந்த சென்சார். ஷட்டரில் ஒரு காந்தமும், தரையில் அல்லது நிலையில் ஒரு சிறிய ஸ்விட்சும் இருக்கும். ஷட்டர் உயர்ந்து காந்தம் விலகினால் பேனலுக்குத் தெரியும். மரக்கதவுக்கு வைக்கும் சிறிய பிளாஸ்டிக் சென்சாரை இரும்பு ஷட்டருக்கு வைக்கக் கூடாது. லாரி போனாலே ஷட்டர் ஆடும். சென்சார் பொய் சொல்லும். ஷட்டருக்கென்றே இரும்பு உறையுடன் பெரிய சென்சார் கிடைக்கிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.

இரண்டு, நடமாட்ட சென்சார். ஆட்கள் பி.ஐ.ஆர். என்று சொல்வது இதைத்தான். மனித உடலின் வெப்பம் அதன் பார்வையில் குறுக்கே நகர்ந்தால் கண்டுகொள்ளும். இது சுவரின் ஊடாகவோ, மூட்டை அடுக்கின் ஊடாகவோ பார்க்காது. பொருத்தும்போது குடோன் காலியாக இருந்திருக்கும். பொங்கலுக்கு வெல்லமும் பச்சரிசியும் வந்து இறங்கி, கூரை வரை அடுக்கிவிட்டால் சென்சாரின் கண் மறைந்துபோகும். இதை நாம் கவனிப்பதே இல்லை.

மூன்று, அதிர்வு சென்சார். சுவரை இடித்தாலோ துளைத்தாலோ தெரிவிக்கும். காங்கிரீட் சுவருக்கும் பணப்பெட்டிக்கும் நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்குச் சரிப்படாது. மழை பெய்தாலே அலறும்.

திருடன் ஷட்டர் வழியாகத்தான் வருவானா?

நாம் காவல் வைப்பது முன்வாசலுக்கு. 2017 நவம்பரில் நம் பகுதிக்கு அருகே கொளத்தூரில் ஒரு நகைக்கடையில் என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். கடைக்கு மேல் இருந்த இடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள், தரையைத் துளையிட்டு கீழே நகைக்கடைக்குள் இறங்கிவிட்டார்கள். அந்தக் குற்றவாளிகளைத் தேடி ராஜஸ்தான் சென்ற மதுரவாயல் காவல் ஆய்வாளர் பெரியபாண்டியன் 2017 டிசம்பர் 13 அன்று அங்கே உயிரிழந்தார். ஒரு கடையின் கூரையில் போட்ட துளை ஒரு நல்ல அதிகாரியின் உயிர் வரை கொண்டுபோய் விட்டது. 2019 அக்டோபரில் திருச்சியில் ஒரு பெரிய நகைக்கடையின் சுவரைத் துளையிட்டு முகமூடி அணிந்தவர்கள் நுழைந்தனர். இந்த இரண்டிலும் ஷட்டர் சென்சார் மட்டும் இருந்திருந்தால் அது கடைசி வரை வாய் திறந்திருக்காது.

நம்மிடம் தங்கம் இல்லையே என்று மளிகைக் கடைக்காரர் சொல்லலாம். ஏலக்காய், முந்திரி, சிகரெட் பெட்டிகள், நெய் டின்கள் இவற்றின் விலையை நினைத்துப் பாருங்கள். இடம் கொஞ்சமாக அடைக்கும்; பணம் அதிகமாகப் பெறும். யு.பி.ஐ. வந்த பிறகு கல்லாவில் பணம் குறைந்துவிட்டது. அதனால் கண் சரக்கின் மேல்தான் விழும். ஆகவே உங்கள் கட்டடத்தைத் திருடனின் கண்ணால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பின்சுவர், கழிவறை சன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் துளை, பக்கத்துக் காலி மனை, கூரை ஷீட், மாடிப்படி இவற்றை எல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே அலாரம் பொருத்தும் ஆளை அழையுங்கள்.

என் குடோனில் நடந்தது

அம்பத்தூர் பக்கம் எங்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு குடோன். ஷட்டருக்கு ஒரு சென்சார், உள்ளே நடமாட்ட சென்சார் ஒன்று, சிம் போட்ட பேனல். வைத்த புதிதில் பெருமையாகத்தான் இருந்தது. பருப்பு மூட்டை இருக்கும் இடத்தில் எலி இல்லாமல் இருக்குமா? மூட்டை அடுக்கின் மேல் எலி ஓடினால், அது சென்சாருக்கு மிக அருகில் ஓடுவதால் பெரிய உருவமாகவே அதற்குத் தெரியும். ஒரே வாரத்தில் நான்கு இரவுகள் என் கைபேசி அடித்தது. நான்கு முறையும் மகனை எழுப்பி, வண்டி எடுத்துப் போய்ப் பார்த்துத் திரும்பினோம். ஐந்தாம் நாள் பொருத்தியவரிடம் கேட்டேன். சென்சாரை இடம் மாற்ற வேண்டும், இரண்டு நாளில் வருகிறேன் என்றார். அதுவரை அந்த ஒரு சென்சாரை மட்டும் விலக்கி வைக்கும் வழியையும் சொல்லிக் கொடுத்தார். பைபாஸ் என்பார்கள். நானே என் எண்ணை அழுத்தி பைபாஸ் செய்தேன். அவர் வரவில்லை, நானும் மறந்துவிட்டேன். வேலைப் பளு.

2022 மார்ச்சில் ஒரு காலை குடோனைத் திறந்தோம். பூட்டு அப்படியே இருந்தது. ஷட்டரில் ஒரு கீறல் இல்லை. உள்ளே ஏலக்காய்ப் பெட்டிகளும் முந்திரி டின்களும் காணவில்லை. அலாரம் ஒலிக்கவில்லை, கைபேசிக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அப்படியானால் என்ன பொருள்? எண் தெரிந்த ஒருவன் கள்ளச்சாவி போட்டு, அலாரத்தை நிறுத்திவிட்டு எடுத்துப் போயிருக்கிறான் என்றே நான் முடிவு கட்டினேன். பொங்கலோடு வேலையை விட்டு நின்ற ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நான்கு வருடம் எங்களிடம் இருந்தவன். அலாரத்தின் எண் அவனுக்குத் தெரியும். எல்லோருக்கும் ஒரே எண்தான் கொடுத்திருந்தோம். புகாரில் அவன் பெயரை நானே சொன்னேன். இரண்டு நாள் அவனை அழைத்து விசாரித்தார்கள். அவன் தாயார் கடை வாசலில் வந்து நின்று, "உங்க உப்பைத் தின்னவன் ஐயா, இப்படிச் செய்வானா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அலாரம் பொருத்தியவர் வந்து பேனலின் நினைவுப் பதிவைத் திறந்தார். எந்த நாள் எத்தனை மணிக்கு அலாரம் போடப்பட்டது, எப்போது நிறுத்தப்பட்டது என்று வரிசையாக அதில் இருக்கிறது. அன்று இரவு 9.40-க்கு அலாரம் போடப்பட்டது. காலை 6.15-க்கு நாங்கள்தான் நிறுத்தினோம். இடையில் யாரும் எண் அழுத்தவில்லை, ஷட்டரும் அசையவில்லை. அதற்கு மேலே இன்னொரு வரி இருந்தது. மூன்றாம் சென்சார் பைபாஸ்; செய்தவர், முதலாம் எண். முதலாம் எண் என்னுடையது. மற்றவர்களுக்கெல்லாம் இரண்டாம் எண்.

அப்படியானால் ஷட்டர் வழியாக யாரும் வரவில்லை. மேலே ஏறிப் பார்த்தோம். பின்பக்கம் ஒரு ஷீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, இறங்கி, வேலை முடிந்ததும் ஷீட்டை முன்போலவே இழுத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். பார்க்க வேண்டிய சென்சாரின் கண்ணைக் கட்டிவிட்டது நான். பழி சுமந்தது அந்தப் பையன்.

காவல் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். பையன் வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வேலைக்கு வா என்றேன். "வேண்டாம் முதலாளி, பட்டாபிராம்ல வேற இடத்துல இருக்கேன்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். சரக்கின் ஒரு பகுதி காப்பீட்டில் ஈடாயிற்று. நான்கு வருடம் பழகிய ஒருவனின் நம்பிக்கை ஈடாகவில்லை.

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றவை நான்கு.

1. பொய் அலாரம் வந்தால் சென்சாரை அடக்காதீர்கள். காரணத்தைத் தேடிச் சரி செய்யுங்கள். நடமாட்ட சென்சாரைத் தரையிலிருந்து ஏழு அடி உயரத்தில், மூட்டை அடுக்கைப் பார்க்காமல் நடைபாதையைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். வெயில் நேரே படும் இடம், எக்ஸாஸ்ட் ஃபேன் எதிரே உள்ள இடம் ஆகாது. பல்லியும் பூச்சியும் அதன் முகத்தில் ஊராதபடி மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும். வெப்பம், நுண்ணலை இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒலிக்கும் இரட்டை நுட்ப சென்சார் சற்று விலை கூடுதல். குடோனுக்கு அதுவே ஏற்றது.

2. வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி எண் கொடுங்கள். ஒருவர் நின்றுவிட்டால் அன்றைக்கே அவர் எண்ணை நீக்குங்கள். இது அவர்மேல் உள்ள சந்தேகத்தால் செய்வதன்று. நாளை ஏதாவது நடந்தால் அவர்மேல் வீண் சந்தேகம் விழாமல் காப்பதற்காகச் செய்வது.

3. யாரையும் குற்றம் சொல்லும் முன் பேனலின் பதிவைப் பாருங்கள்.

4. தினமும் அலாரம் போடும்போது "பைபாஸ்" என்ற விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

சிம், வைஃபை: எது நல்லது?

சிம் கருவி நம் எண்ணுக்கு அழைக்கும், குறுஞ்செய்தியும் அனுப்பும். வைஃபை கருவி ஆப் வழியே செய்தி தரும். கேமரா இருந்தால் படமும் காட்டும். வைஃபைக்கு இணைய இணைப்பு வேண்டும், மோடத்துக்கு மின்சாரம் வேண்டும். வெளியே மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டால் மோடம் அணைந்துவிடும். ஆகவே வணிக இடத்துக்கு சிம், வைஃபை இரண்டும் உள்ள பேனலே சிறந்தது. ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் சிம் உள்ளதை வாங்குங்கள்.

சிம் விஷயத்தில் கவனிக்க வேண்டியவை:

சந்தையில் உள்ள பல மலிவான பேனல்கள் 2ஜி அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. 2016-ல் வந்த ஜியோ தொடக்கத்திலிருந்தே 4ஜி சேவை. அதில் 2ஜி கிடையாது. ஆகவே 2ஜி பேனலில் ஜியோ சிம் போட்டால் வேலை செய்யாது. புதிதாக வாங்குபவர்கள் 4ஜி பேனல் என்று உறுதி செய்துகொண்டு வாங்குவதே தொலைநோக்கு.

சிம் உங்கள் பெயரிலேயே இருக்க வேண்டும். பொருத்த வந்தவர் கொண்டுவந்த சிம்மை ஏற்காதீர்கள். சிம்மைப் பேனலில் போடும் முன் உங்கள் கைபேசியில் போட்டு, அதில் பின் பூட்டு இருந்தால் நீக்கிவிடுங்கள்.

ரீசார்ஜ் தேதியைப் பேரேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கடன் தவணை தேதி மறந்தால் வங்கி நினைவூட்டும். பேனலில் இருக்கும் சிம்மின் தேதி மறந்தால் நினைவூட்டும் செய்தியும் பேனலுக்குள்ளேயே போய்க் கிடக்கும். 2024 டிசம்பரில் டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்றும், அவற்றுக்கு 365 நாள் வரை செல்லுபடிக் காலம் இருக்கலாம் என்றும் விதித்தது. சிம் பேனலுக்கு இண்டர்நெட் டேட்டா தேவையில்லை என்றால் இப்படிப்பட்ட ஆண்டுத் திட்டமே சிக்கனம். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை நிறுவனம் துண்டிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அலாரத்தைச் சோதித்தாலே அந்தக் கவலை இல்லை.

பேனலின் எண் தயாரிப்பாளர் கொடுத்த 1234 அல்லது 0000 ஆகவே இருந்தால் உடனே மாற்றுங்கள். பல பேனல்களைக் குறுஞ்செய்தி மூலம் அணைக்க முடியும். சிம் எண்ணும் இந்தப் பழைய எண்ணும் தெரிந்தவன் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே உங்கள் அலாரத்தை நிறுத்திவிடுவான்.

மின்சாரம் நின்றால்

பேனலுக்குள் சாதாரணமாக 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று இருக்கும். பேனல் சும்மா இருக்கும்போது 150 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 7-ஐ 0.15-ஆல் வகுக்க ஏறத்தாழ 46 மணி நேரம் வருகிறது. இது புது பேட்டரிக்கு ஏட்டுக் கணக்கு. இரண்டு மூன்று ஆண்டு ஆன பேட்டரி அதில் பாதி தாங்கினாலே பெரிது. ஆகவே பேட்டரி மேல் வாங்கிய தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருக்காதீர்கள். கம்பியில்லா சென்சார்களுக்குள்ளும் சிறு பேட்டரிகள் உண்டு. அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் பார்த்தவர்கள். மிக்ஜாமின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்றது. பல இடங்களில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளில் எந்த அலாரமும் நமக்குச் செய்தி சொல்லாது. அக்கம்பக்கத்துக் கடைக்காரரும், தெருக் காவலாளியும்தான் துணை. அலாரம் வந்துவிட்டது என்பதற்காக அந்த உறவை விட்டுவிடக் கூடாது.

நம் கைபேசியில் செய்ய வேண்டியவை

கடையில் எல்லாம் சரியாக இருந்தும், கைபேசி சைலண்டில் கிடந்ததால் காலையில் செய்தியைப் பார்த்தவர்கள் உண்டு. இவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

• பேனலின் எண்ணை "கடை அலாரம்" என்று பெயரிட்டுச் சேமியுங்கள். இல்லாவிட்டால் தெரியாத எண் என்று கைபேசியே அழைப்பைத் தடுத்துவிடக்கூடும்.

• அந்த எண்ணுக்கு மட்டும், சைலண்டில் இருந்தாலும் ஒலிக்கும்படி அமைப்பு உண்டு. வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள். அதற்குத் தனியான மணி ஓசையும் வையுங்கள்.

• ஆப் மூலம் செய்தி வருவதானால், பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து அந்த ஆப்பை விலக்கி வையுங்கள். இரவில் கைபேசி தானாகவே அதைத் தூங்க வைத்துவிடும்.

• பேனலில் குறைந்தது மூன்று எண்களைப் பதியுங்கள். முதலில் உங்களுடையது. இரண்டாவது மகன் அல்லது பங்குதாரர். மூன்றாவது, கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கும் நம்பகமான ஒருவர். மூவரும் ஒரே கல்யாணத்துக்குப் போய்விடும் நாட்களில் நான்காவது ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். மே 5 வணிகர் தினத்தன்று நாம் எல்லோரும் கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். அன்று நம் தெருவே ஆளில்லாமல் இருக்கும் என்பது மற்றவர்களுக்கும் தெரியும்.

• காவல்துறையின் 100 என்ற எண்ணைப் பேனலில் தானாக அழைக்கும்படி பதிய வேண்டாம். எலி ஓடியதற்கெல்லாம் பதிவுக் குரல் போனால், உண்மையான ஆபத்தில் இருக்கும் இன்னொருவரின் அழைப்பு தடைபடும். நாம் பார்த்து உறுதி செய்து, நாமே பேச வேண்டும்.

அலாரம் அடித்தால் என்ன செய்வது?

முதல் விதி, தனியாகப் போகாதீர்கள். ஏலக்காய் மூட்டைக்கு விலை உண்டு. உங்கள் உயிருக்கு இல்லை. உள்ளே இருப்பவன் கையில் கம்பி இருக்கும். பயத்தில் எதையும் செய்வான்.

கேமரா இருந்தால் கைபேசியில் பாருங்கள். ஆள் தெரிந்தாலோ, இரண்டு சென்சார்கள் அடுத்தடுத்து அடித்தாலோ உடனே 100 அல்லது 112-ஐ அழையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தின் நேரடி எண்ணும் உங்களிடம் இருக்க வேண்டும். நம் பகுதியில் சிலருக்கு ஒரு குழப்பம் உண்டு. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஆனால் காவல்துறை வகையில், 2022 ஜனவரி 1-ல் தொடங்கிய ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. பூந்தமல்லியும் அப்படியே. உங்கள் கடை எந்த நிலையத்தின் எல்லை என்பதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். தொலைபேசியில் பேசும்போது கடைப் பெயர், தெரு, அருகில் உள்ள அடையாளம், எத்தனை வாசல் என்ற நான்கையும் சொல்லுங்கள்.

போனதும் ஷட்டரையோ கல்லாவையோ தொடாதீர்கள். கைரேகை அழிந்துவிடும். கைபேசிக்கு வந்த செய்தியை அழிக்காதீர்கள். அதில் உள்ள நேரம் ஒரு சாட்சி. பேனலின் பதிவை யாரும் அழிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமராப் பதிவுப் பெட்டியை கல்லாவுக்கு அடியில் வைப்பவர்கள் பலர். திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஏ.டி.எம். இயந்திரங்களை உடைத்த கும்பல், தடயம் கிடைக்கக் கூடாது என்று தீயும் வைத்துவிட்டுப் போனது. பதிவுப் பெட்டியைக் கண்ணில் படாத, பூட்டிய இடத்தில் வையுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்தின்படி புகாரை மின்னணு வழியிலும் அனுப்பலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். எந்த வழியில் கொடுத்தாலும் முதல் தகவல் அறிக்கையின் நகல் வாங்காமல் விடாதீர்கள்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை

தீ விபத்துக் காப்பீடு மட்டும் எடுத்துவிட்டு, திருட்டுக்கும் சேர்த்துத்தான் என்று எண்ணியிருப்பவர்கள் உண்டு. கடை உடைப்புத் திருட்டுக்குத் தனியாகப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அந்தப் பாலிசியிலும், பலவந்தமாக உடைத்து நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ அடையாளம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. என் விஷயத்தில் பூட்டு உடையாமல் இருந்ததால் சர்வேயர் முதலில் தயங்கினார். கழற்றிய கூரை ஷீட்டும், பேனலின் பதிவும் சேர்ந்த பிறகே கோரிக்கை நகர்ந்தது. இருப்புக் கணக்கு அன்றன்றைக்கு எழுதியிருந்ததும் கைகொடுத்தது. இருப்பேடு எழுதாதவருக்கு எவ்வளவு போயிற்று என்று நிரூபிக்க வழியில்லை. பாலிசி எடுக்கும்போது அலாரம் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தால், அது வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதாகிறது.

அமாவாசைச் சோதனை

அலாரத்தை மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும் என்றால் யாருக்கும் நினைவிருக்காது. நாம் எதை மறந்தாலும் அமாவாசைக்குப் பூசணிக்காய் சுற்றி உடைப்பதை மறப்பதில்லை. கண்ணேறு கழிக்கும் அதே நாளில் கடையின் கண்களையும் சோதித்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.

1. அலாரம் போட்டு, ஷட்டரை உயர்த்திப் பாருங்கள். சைரன் ஒலிக்கிறதா? பக்கத்துக் கடைக்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.
2. மூன்று கைபேசிகளுக்கும் அழைப்பு வருகிறதா?
3. ஒவ்வொரு சென்சார் முன்பும் நடந்து பாருங்கள். மூட்டை மறைக்கிறதா?
4. மெயின் ஸ்விட்சை அணைத்து மீண்டும் ஒருமுறை செய்து பாருங்கள்.
5. சிம் ரீசார்ஜ் தேதி, பேட்டரி தேதி இரண்டையும் பாருங்கள்.
6. பைபாஸ் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
7. வேலையை விட்டு நின்றவர்களின் எண் நீக்கப்பட்டதா?

இந்த ஏழையும் ஒரு அட்டையில் எழுதிப் பேனல் அருகே தொங்கவிடுங்கள். செய்தவர் தேதியிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

என் குடோனில் இப்போது அப்படி ஓர் அட்டை தொங்குகிறது. முதல் அமாவாசை முதல் இன்று வரை கையெழுத்து நானே போடுகிறேன்; வேறு யாரிடமும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை. கருவி செய்வது கருவியோடு நின்றுவிடும். அதைக் கவனிப்பது முதலாளியின் வேலை. கவனிக்கத் தவறினால் நம் தவறின் விலையை நம்மிடம் உழைத்த ஒருவர் கொடுக்க நேரிடும். அந்த நிலை உங்களில் யாருக்கும் வர வேண்டாம்.